நொய்யலும் சாயப்பட்டறைகளும்

கோயம்புத்தூருக்கு மேற்கே, மேற்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியாக வெள்ளியங்கிரி மலை நிற்கிறது. அம்மலைச் சரிவுகளில் பெய்யும் மழை சிற்றோடைகளாகத் திரண்டு நொய்யல் என்னும் ஆறாகிறது. காஞ்சிமாநதி என்பது இவ்வாற்றின் பழம்பெயர். கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு, கரூர் ஆகிய மாவட்டங்களின் வழியே ஏறத்தாழ 180 கிலோமீட்டர் ஓடி, இறுதியில் அது காவிரியோடு கலக்கிறது. மழை குறைந்த கொங்கு நாட்டில் ஆண்டு முழுவதும் பெருக்கெடுத்து ஓடும் ஆறு அன்று அது. ஆகவே முன்னோர் அதன் குறுக்கே சிறு அணைகளைக் கட்டி, வெள்ளக் காலத்து நீரை வாய்க்கால்களின் வழியே குளங்களுக்குத் திருப்பிச் சேமித்தனர்.

இவ்வாற்றின் கரையில்தான் திருப்பூர் அமைந்துள்ளது. தில்லியிலோ போபாலிலோ படிக்கும் மாணவர் ஒருவர் அணிந்திருக்கும் பருத்திப் பனியன், பெரும்பாலும் இவ்வூரில் தைக்கப்பட்டதாக இருக்கும். பின்னலாடைத் தொழில் இங்கு இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் சிறிய அளவில் தொடங்கியது. 1980-களுக்குப் பின் வெளிநாட்டு ஏற்றுமதியால் மிக வேகமாக வளர்ந்தது. இன்று பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் முதலிய மாநிலங்களிலிருந்து வந்தவர்கள் இங்குப் பெருந்தொகையினராகப் பணிபுரிகின்றனர். தமிழர் பிழைப்புத் தேடி வடக்கே செல்வதுபோல, வடக்கிலிருந்தும் தமிழ்நாட்டிற்கு ஒரு பாதை உண்டு.

துணியைப் பின்னுவதற்கு நீர் தேவையில்லை. தைப்பதற்கும் தேவையில்லை. வெளுப்பதற்கும் சாயம் ஏற்றுவதற்குமே நீர் தேவை. பழைய வகைத் தொட்டிகளில் ஒரு கிலோ துணியை வெளுத்து, சாயமேற்றி, அலசி எடுக்க ஏறத்தாழ நூறு லிட்டர் நீரும் அதற்கு மேலும் செலவாயிற்று. நொய்யலில் அவ்வளவு நீர் இல்லை. நகரின் நிலத்தடி நீரும் போதவில்லை. சுற்றியுள்ள சிற்றூர்களின் கிணறுகளிலிருந்து நாள்தோறும் லாரிகளில் நீர் வந்தது. உழவுக்குப் பாய்ந்த கிணற்று நீர் சாயப்பட்டறைக்கு விலைபோயிற்று. பின்னர் 2005-ஆம் ஆண்டில், பவானி நகருக்கு அருகிலிருந்து நாளொன்றுக்கு 18.5 கோடி லிட்டர் நீரைக் கொண்டுவரும் வகையில் அமைக்கப்பட்ட பெரிய குழாய்த் திட்டம் செயல்படத் தொடங்கியது.

நீர் கிடைத்துவிட்டது. பயன்படுத்திய நீர் எங்கே போவது என்னும் வினா மட்டும் எஞ்சியது.

பருத்தி இழையை நீரில் நனைத்தால் அதன் மேற்பரப்பு எதிர்மின் தன்மை பெறுகிறது. பருத்திக்குரிய சாயமும் நீரில் எதிர்மின் தன்மை உடையதே. ஒத்த மின்தன்மை உடையவை ஒன்றையொன்று விலக்கும் என்பது அறிவியல் பாடத்தில் படித்ததுதான். இந்த விலக்கத்தைத் தணித்துச் சாயத்தை இழையை நோக்கிச் செலுத்த உப்புச் சேர்க்கப்படுகிறது. கறுப்பு, கருநீலம் போன்ற அடர்நிறங்களுக்குச் சாயநீரின் ஒவ்வொரு லிட்டரிலும் 60 முதல் 80 கிராம் வரை உப்பு இடுவது வழக்கம். கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்புத்தான் உள்ளது. அதாவது, சாயத்தொட்டியில் இருப்பது கடலைவிட இருமடங்கு உவர்ந்த நீர்!

இந்த உப்பு துணியில் தங்குவதில்லை. தன் பணியை முடித்ததும் அலசும் நீரோடு வெளியேறிவிடுகிறது. இழையில் பற்றாத சாயமும் உடன் செல்கிறது. பல ஆண்டுகள் இந்நீர் ஓடைகளின் வழியே நொய்யலில் சேர்ந்தது. ஆற்றில் ஒருநாள் சிவப்பும் மறுநாள் நீலமும் ஓடின.

1992-ஆம் ஆண்டில் திருப்பூருக்குக் கீழே, சென்னிமலையை அடுத்த ஒரத்துப்பாளையத்தில் நொய்யலின் குறுக்கே ஓர் அணை கட்டப்பட்டது. ஈரோடு, கரூர் மாவட்டங்களில் பத்தாயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்துக்குப் பாசனம் அளிப்பது அதன் நோக்கம். ஆனால் அணையில் தேங்கியது மழைநீர் மட்டுமன்று. மேலிருந்து வந்த சாயக்கழிவும் அங்கேயே தங்கியது. பாசனத்துக்கென எழுப்பிய அணை சில ஆண்டுகளிலேயே கழிவுநீர்த் தேக்கமாயிற்று. தேங்கிய நீர் நிலத்தில் ஊறிச் சுற்றுவட்டாரக் கிணறுகளை உவர்ப்பாக்கியது. பயிர்கள் கருகின, ஆடுமாடுகள் குடிக்கும் நீரும் கெட்டது. அணையைக் கேட்ட உழவர்களே, அதில் நீரைத் தேக்காதீர்கள் என்று வேண்ட நேர்ந்தது.

சாயப்பட்டறை உரிமையாளர்கள் இதற்குள் வாளாவிருந்தனர் எனல் பொருந்தாது. பல பட்டறைகள் ஒன்றுகூடிப் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களை அமைத்திருந்தன. அங்கே சுண்ணாம்பு முதலியவற்றைச் சேர்த்துக் கசடு பிரிக்கப்பட்டது; நிறமும் பெருமளவு நீக்கப்பட்டது. வெளிவந்த நீர் பார்வைக்குத் தெளிவாகவே இருந்தது. ஆனால் நீரில் கரைந்த உப்பு இம்முறைகளால் நீங்காது. வெளியேற்றும் ஒரு லிட்டர் நீரில் கரைந்த உப்புகள் 2,100 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது விதி. சாயக்கழிவில் அதைப்போல் இருமடங்கும் மும்மடங்கும் இருந்தது. கண்ணுக்குத் தெரிந்த நிறம் போயிற்று. நாவுக்குத் தெரிந்த உப்புப் போகவில்லை.

நொய்யல் பாசன உழவர்கள் சென்னை உயர்நீதிமன்றத்தை நாடினர். 2006-ஆம் ஆண்டில் நீதிமன்றம், பட்டறைகள் ஒரு சொட்டுக் கழிவுநீரையும் வெளியேற்றாத நிலையை எட்ட வேண்டும் என்று ஆணையிட்டது. அதுவரை வெளியேற்றும் ஒவ்வொரு லிட்டருக்கும் பைசாக் கணக்கில் தொகை கட்ட வேண்டும் என்றும் கூறியது. 2009-இல் உச்சநீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. குறித்த காலத்துக்குள் ஆணை நிறைவேறவில்லை. ஆகவே 2011 சனவரி 28 அன்று, சாயப்பட்டறைகளையும் வெளுப்புப் பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடுமாறு உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. எழுநூற்றுக்கும் மேற்பட்ட பட்டறைகளில் வேலை நின்றது.

ஒருபுறம், ஆண்டுக்கணக்கில் நிலத்தை இழந்து நின்ற உழவர்கள். மறுபுறம், ஒரே நாளில் கூலியை இழந்த தொழிலாளர்கள். சாயமேற்ற வழியில்லாததால் துணிகள் வேறு ஊர்களுக்கு அனுப்பப்பட்டன. அறிவுரையும் அபராதமும் செய்யாததை இந்தப் பூட்டு செய்தது எனலாம். ஆயினும் அதன் முதற்சுமை, முடிவெடுக்கும் இடத்தில் இல்லாத தினக்கூலிகளின் தோளில் விழுந்தது என்பதையும் மறைக்க இயலாது.

தமிழ்நாடு அரசு 200 கோடி ரூபாயை வட்டியில்லாக் கடனாக அளித்தது. புதிய கருவிகளை நிறுவி, கழிவு வெளியேறவில்லை என்று மெய்ப்பித்த நிலையங்கள் ஒவ்வொன்றாகத் திறக்கப்பட்டன.

இன்று ஒரு பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் நடப்பது இது. பல பட்டறைகளின் கழிவுநீர் முதலில் ஒரு பெருந்தொட்டியில் கலக்கப்படுகிறது. அடுத்த தொட்டியில் காற்றைச் செலுத்தி நுண்ணுயிர்கள் வளர்க்கப்படுகின்றன. அவை நீரிலுள்ள கரிமப் பொருள்களை உண்டு தீர்க்கின்றன. எஞ்சிய நிறமும் துகள்களும் நீக்கப்பட்டபின், நீர் மிகுந்த அழுத்தத்தில் மெல்லிய சவ்வுகளின் ஊடே செலுத்தப்படுகிறது. வீடுகளில் ‘ஆர்.ஓ.’ என்று வழங்கும் எதிர்ச் சவ்வூடு பரவல் முறையே இதுவும், அளவுதான் பெரிது. நூறு லிட்டரில் ஏறத்தாழ 85 முதல் 90 லிட்டர் வரை நன்னீராகத் திரும்பக் கிடைக்கிறது. அந்நீர் குழாய் வழியே மீண்டும் பட்டறைக்கே செல்கிறது. கிணற்று நீரின் கடினத்தன்மை இதில் இல்லை; ஆகவே சாயம் சீராகப் பிடிக்கிறது. கழிவிலிருந்து பிறந்த நீர் கிணற்று நீரைவிட வேலைக்கு ஏற்றதாக அமைந்தது வியப்பே.

சவ்வைக் கடக்காத பத்துப் பதினைந்து லிட்டர்தான் பெரும் சிக்கல். உப்பு முழுவதும் அதில் செறிந்திருக்கிறது. அதைக் கொதிக்கவைத்து நீரை ஆவியாக்க வேண்டும். அதற்கு எரிபொருள் மிகுதியாகச் செலவாகும். இச்செலவைக் குறைக்க, ஒரு கலத்தில் எழும் நீராவியைக் கொண்டே அடுத்த கலம் சூடேற்றப்படுகிறது. அடுத்த கலத்தில் அழுத்தம் குறைவாக இருப்பதால் அங்கே நீர் குறைந்த வெப்பத்திலேயே கொதிக்கும். இவ்வாறு பல கலங்கள் வரிசையாக நிற்கும். முடிவில் உப்பு படிகமாகப் பிரிகிறது.

திருப்பூர் அருள்புரத்தில் உள்ள பொது நிலையம் இதில் ஒரு படி முன்சென்றது. சாயமேற்ற உப்புநீர்தானே வேண்டும்? அப்படியாயின், உவர்நீரை முழுவதும் வற்றவைத்து உப்பாக்கி, அவ்வுப்பை மீண்டும் நீரில் ஏன் கரைக்க வேண்டும்? நிறத்தை நீக்கித் தூய்மைசெய்த உவர்நீரையே பட்டறைகள் நேரடியாகப் பயன்படுத்தும் முறை அங்கே வகுக்கப்பட்டது. இதனால் எரிபொருளும் மிச்சம்; உப்பு வாங்கும் செலவும் மிச்சம்.

நீரை வீசியெறிய வழியில்லாமற் போனபின் மற்றொரு மாற்றமும் நேர்ந்தது. உள்ளே வரும் ஒவ்வொரு லிட்டருக்கும் சுத்திகரிப்புச் செலவு உண்டு என்றானபோது, பட்டறைகள் நீரை அளந்து செலவிடத் தொடங்கின. குறைந்த நீரில் சாயமேற்றும் இயந்திரங்கள் வந்தன. ஒரு கிலோ துணிக்குரிய நீர் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. மறுசுழற்சியைப் பாராட்டுவோர் இச்சிக்கனத்தை எளிதில் மறந்துவிடுகின்றனர்.

எல்லாம் தீர்ந்துவிடவில்லை. படிகமாகாத கலப்பு உப்பும் கசடும் மூட்டைகளாகக் கொட்டகைகளில் குவிந்துள்ளன. கசட்டின் ஒரு பகுதி சிமெண்டு ஆலைகளுக்குச் செல்கிறது. நீராவிக்காக விறகும் நிலக்கரியும் எரிக்கப்படுகின்றன. மழை நாள்களில் எவரும் காணாதவாறு கழிவைத் திறந்துவிடும் பட்டறைகள் பற்றிய செய்திகள் இன்றும் வருகின்றன. ஒருமுறை உவர்த்த நிலத்தடி நீர் விரைவில் இனிப்பதும் இல்லை.

வேறு நகரங்கள் வேறு வழியைக் கண்டன. ஆலைகளுக்கு ஆற்று நீரைக் கொடுப்பதற்கு மாறாக, ஊரின் கழிவுநீரைத் தூய்மைசெய்து கொடுத்தல் அவ்வழி. சென்னைக் குடிநீர் வாரியம் 1990-களின் தொடக்கத்திலிருந்தே மணலியில் உள்ள எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைக்கும் உர ஆலைக்கும் இத்தகைய நீரை விற்று வந்தது. 2019-இல் கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் வீதம் தரும் இரு புதிய நிலையங்கள் தொடங்கப்பட்டன. அவ்வாண்டின் கோடையில்தான் சென்னையின் ஏரிகள் வறண்டு, மக்கள் குடங்களோடு தெருவில் நின்றனர். குசராத்தின் சூரத் நகரில் பாண்டேசரா பகுதியின் துணி ஆலைகள் 2014 முதல் மாநகராட்சி தரும் தூய்மைசெய்த கழிவுநீரைப் பெறுகின்றன. நாகபுரியின் கழிவுநீர் அருகிலுள்ள கொராடி அனல்மின் நிலையத்தைக் குளிர்விக்கிறது.

சொற்பொருள்

வாளாவிருத்தல் – ஒன்றும் செய்யாமல் இருத்தல்
உவர்நீர் – உப்பு மிகுந்த நீர்
கசடு – நீரின் அடியில் தங்கும் கழிவு
மெய்ப்பித்தல் – உண்மை என நிறுவுதல்

விடை எழுதுக

1. பருத்தித் துணிக்குச் சாயமேற்ற உப்புச் சேர்ப்பது ஏன்?
2. தெளிவாகத் தோன்றிய நீரும் உழவுக்குத் தீங்கு செய்தது எவ்வாறு?
3. ஒரத்துப்பாளையம் அணையைக் கேட்ட உழவர்களே அதில் நீர் தேக்க வேண்டாம் என்றது ஏன்?
4. அருள்புரம் நிலையத்தின் முறையால் மிச்சமாகும் இரண்டைக் குறிப்பிடுக.
5. 2011-இல் பட்டறைகள் மூடப்பட்டதைக் குறித்து ஓர் உழவரும் ஒரு சாயப்பட்டறைத் தொழிலாளியும் உரையாடுவதாகப் பத்து வரிகள் எழுதுக.
6. நீங்கள் வாழும் ஊரில் உள்ள ஓர் ஆலை எங்கிருந்து நீர் பெறுகிறது, பயன்படுத்திய நீர் எங்கே செல்கிறது என்று பெரியோரிடம் கேட்டு எழுதுக.