வாடகை கொடாக் குடிகள்

கடையில் சரக்குக் குறைந்தால் உடனே கணக்கைப் புரட்டிப் பார்க்கிறோம். உடம்பில் இரத்தம் குறைந்தால் எந்தக் கணக்கைப் பார்க்கிறோம்? இம்முறை குடற்புழுக்களைப் பற்றிச் சிறிது அறிவோம். விஷயம் அருவருப்பானதுதான், ஆயினும் அறியாதிருப்பது அதைவிடக் கேடு.

சில ஆண்டுகளுக்கு முன் நம் கடையில் ஊரிலிருந்து வந்த வாலிபர் ஒருவர் வேலை பார்த்தார். அரிசி மூட்டையைத் தொட்டாலே மூச்சு வாங்கும். நாமோ அவரைச் சோம்பேறி என்று பலர் முன்னிலையில் கடிந்துகொண்டோம். ஒரு நாள் மயங்கி விழவே வைத்தியரிடம் கொண்டுபோனோம். மலத்தைச் சோதித்து, "கொக்கிப்புழு, இரத்தம் பாதிக்கு வந்துவிட்டது" என்றார். அன்று தலைகுனிந்தவர் அவரல்லர், நாம்தான்.

இப்புழு உருளைப்புழு இனத்தைச் சேர்ந்தது. இவ்வினத்தில் மண்ணிலும் நீரிலும் தாமாக வாழ்பவையும் ஏராளம். மண்புழுவைப்போல் வளையம் வளையமாக இராமல், நூல்போல் நீண்டு இருமுனையும் ஒடுங்கியிருக்கும். வளர்வதற்குள் நான்கு முறை சட்டை உரிக்கும்.

நம்மை அண்டுபவற்றுள் மூன்றை அறிந்தால் போதும்.

முதலாவது நாக்குப்பூச்சி. ஒரு சாண் நீளத்துக்கு மேலும் வளரும். பெண்புழு நாளொன்றுக்குச் சுமார் 2,00,000 முட்டைகள் இடும். அவை மண்ணில் சில வாரம் கிடந்து பக்குவமாகி, கழுவாத கீரையாலும் கையழுக்காலும் வாய்க்குள் போகின்றன. பொரித்த குஞ்சு குடலைத் துளைத்து, இரத்தத்தோடு ஈரலுக்கும் நுரையீரலுக்கும் சென்று, தொண்டைக்கு ஏறி, மறுபடி விழுங்கப்பட்டுக் குடலுக்கே திரும்புகிறது. எத்தனை சுற்றுப் பிரயாணம்!

இரண்டாவது கீரிப்பூச்சி. இரவில் ஆசனவாயருகே வந்து முட்டையிடும். பிள்ளை சொறிந்த விரலை வாயில் வைத்தால் மறுபடியும் அதே கதை. ஒருவருக்கு வந்தால் வீட்டார் அனைவரும் மருந்துண்ண வேண்டும்.

மூன்றாவதே கொக்கிப்புழு. நீளம் ஏறக்குறைய 1 சென்டிமீட்டர். குடற்சுவரைக் கவ்வி இரத்தம் குடிக்கும். இது உள்ளே நுழையும் வாசல் பெரும்பாலும் வாயன்று, வெறுங்கால்! எகிப்தின் கெய்ரோ நகரில் ஆர்தர் லூஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆராய்ச்சி செய்கையில், புழுக்குஞ்சுள்ள நீர் அவர் கைமேல் சிந்தியது. தோல் எரிந்தது. சில வாரங்களுக்குப் பின் தம் மலத்திலேயே முட்டைகளைக் கண்டார். தோலைத் துளைத்து வருகிறது என்னும் உண்மை இவ்வாறு வெளிப்பட்டது. முற்காலத்தில் மலாயாத் தோட்டங்களில் வெறுங்காலோடு பால் வெட்டிய நம் மக்கள் பலர் சோகை பிடித்து வாடியதற்கு இதுவும் ஒரு காரணம்.

பரிகாரம் எளிது. அல்பெண்டசோல் மாத்திரை மலிவானது. கர்ப்பிணிகளுக்கும் கைக்குழந்தைகளுக்கும் வைத்தியர் சொல்லாமல் கொடுக்கலாகாது. மாத்திரை உள்ளே இருப்பதைக் கொல்லுமே தவிர, மீண்டும் வருவதைத் தடுக்காது. ஆகவே ஈரமண்ணில் செருப்பு, சுத்தமான கழிப்பிடம், சவர்க்காரமிட்டுக் கை கழுவுதல், நகம் வெட்டுதல் ஆகியவை வேண்டும். சோகை கண்டவர்க்கு இரும்புச்சத்து மருந்தும் அவசியம்.

நம் வாலிபர் மருந்துண்டு சில மாதங்களில் தேறினார். பின்பு மூட்டை தூக்குவதில் அவரை வெல்ல ஆளில்லை. இனி நம் கடையில் எவரேனும் வெளுத்துச் சோர்ந்து நின்றால், கடிந்துகொள்வதற்கு முன் வைத்தியரிடம் அனுப்புவோமாக!