தொழிற் பயிற்சிக்கு வாலிபர்களின் யோக்கியதாம்சமும் நமது சங்கங்களின் கடமையும்

கிராமத்து வாலிபர்களுக்குச் சர்க்கார் செலவில் தொழில் கற்பித்து வேலையிலும் அமர்த்தும் திட்டங்கள் சில இக்காலத்தில் நடைபெற்று வருகின்றன. இவற்றுள் நமது பகுதியாருக்குப் பெரிதும் பயன்படக்கூடியது, மத்திய சர்க்காரின் கிராம அபிவிருத்தி இலாகாவினர் 2014ஆம் வருஷம் செப்டம்பர் மாதம் 25ந் தேதி தொடங்கிய தீனதயாள் உபாத்யாய கிராமீண கௌசல்ய யோஜனா என்பதாகும். தமிழ்நாட்டில் இதனை நடத்தும் பொறுப்பு மகளிர் மேம்பாட்டு நிறுவனத்தாரிடம் ஒப்புவிக்கப்பட்டது. இதில் சேர யாருக்கு உரிமை உண்டு, அவ்வுரிமையை எந்த அத்தாட்சிகளைக் கொண்டு நிலைநாட்டுவது, அவ்விஷயத்தில் சங்கத்தார் செய்யத்தக்கதும் செய்யத்தகாததும் யாவை என்பவற்றைக் கள்ளக்குறிச்சிப் பகுதியையும் கல்வராயன் மலையையும் முன்னிட்டு இங்கே விவரிப்போம்.

யோக்கியதாம்சத்தைப் பரிசோதிக்கும்போது இருவகைப் பிழைகள் நேரலாம். உரிமையில்லாதவன் உள்ளே புகுந்துவிடுவது ஒன்று. உரிமையுள்ளவன் வெளியே தள்ளப்படுவது மற்றொன்று. முதற் பிழை என்றேனும் வெளிப்பட்டு வழக்காகிறது, பத்திரிகைகளிலும் வருகிறது. இரண்டாம் பிழையோ யாருக்கும் தெரியாமற் போய்விடுகிறது. மலையிலிருந்து இறங்கி வந்த வாலிபன், “உன் பெயர் ஒரு காகிதத்தில் ஒருவிதமாகவும் மற்றொன்றில் வேறுவிதமாகவும் இருக்கிறது, திருத்திக்கொண்டு வா” என்ற ஒரு வார்த்தையைக் கேட்டுக்கொண்டு பஸ் ஏறித் திரும்பிவிடுகிறான். மறுமுறை அவன் வருவதில்லை. அவனைப் பற்றி எந்தக் கணக்கிலும் எழுதுவாரில்லை.

அவ்விதம் திரும்புகிறவனுக்கு வேறு வழி காட்டுவோர் இல்லாமலில்லை. 2015ஆம் வருஷம் ஏப்ரல் மாதம் 7ந் தேதி ஆந்திர நாட்டுச் சேஷாசலக் காட்டில் செம்மரம் வெட்டச் சென்றவர்கள் என்று 20 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவர்களிற் பலர் ஜவ்வாது மலையையும் சித்தேரி மலையையும் சார்ந்தவர்கள்; நமது கல்வராயன் மலையாரைப் போன்ற மலைக் குடிகளே. 2024ஆம் வருஷம் ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி நகரத்துக் கருணாபுரத்தில் விஷச் சாராயத்தால் அறுபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அதன் பின்னரே கல்வராயன் மலை மக்களின் வாழ்க்கை நிலையைப் பற்றிச் சென்னை உயர் நீதிமன்றத்தார் தாமாகவே முன்வந்து விசாரணை மேற்கொண்டனர். ஒரு தொழிலும் மாதச் சம்பளமும் ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு பெரிய காப்பு என்பதை நம் அங்கத்தினர்களுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை.

இனி விதிகளைப் பார்ப்போம். மேற்படி திட்டத்துக்கு 2016ஆம் வருஷத்தில் வெளியிடப்பட்ட நெறிமுறைகளின்படி, சேருகிறவர் கிராமத்து ஏழைக் குடும்பத்தினராய் 15 முதல் 35 வயதுக்குட்பட்டவராயிருத்தல் வேண்டும். பெண்களுக்கும், அங்கவீனர்களுக்கும், கொத்தடிமையினின்று விடுவிக்கப்பட்டோர் முதலிய சிலருக்கும் 45 வயது வரையில் சலுகை தரப்பட்டது. ஏழைக் குடும்பம் என்பதற்கு வருமானச் சான்று ஒன்றே வழி என்று பலர் எண்ணிக்கொண்டு தாலூகா ஆபீசில் காத்திருக்கிறார்கள். அஃது அவசியமில்லை. வீட்டிலுள்ள பெண் சுய உதவிக் குழுவில் அங்கத்தினராயிருந்தாலும், குடும்ப அட்டை அந்தியோதய வகையைச் சார்ந்ததாயிருந்தாலும், முந்திய வருஷத்தில் குடும்பத்தில் ஒருவர் வேலையுறுதிச் சட்டப்படி 15 நாளாவது வேலை செய்திருந்தாலும் போதும் என்று அந்நெறிமுறைகள் கூறின. நாடு முழுவதற்குமாக ஒதுக்கிய இடங்களிற் பாதி ஆதிதிராவிடருக்கும் பழங்குடியினருக்கும், மூன்றில் ஒரு பங்கு பெண்களுக்கும் என்றும் வகுக்கப்பட்டது. இவ்விதிகள் காலந்தோறும் திருத்தப்படுபவை. ஆகையால் சேரும் வருஷத்து விதியை ஜில்லா மகளிர் திட்ட ஆபீசில் கேட்டுத் தெரிந்துகொண்ட பின்னரே மனுவை எழுத வேண்டும்.

வயது விஷயத்திலேதான் முதல் தடை எழுகிறது. மலைக் கிராமங்களிற் குழந்தை பிறந்தவுடன் பதிவு செய்யும் வழக்கம் அண்மைக் காலத்திலேயே வேரூன்றியது. 2023ஆம் வருஷம் அக்டோபர் 1ந் தேதி முதல் பிறந்தவர்களுக்குப் பிறப்புச் சான்றிதழே பிரதான அத்தாட்சி என்று சட்டம் திருத்தப்பட்டிருக்கிறது. ஆனால் இன்று பயிற்சிக்கு வரும் வாலிபர்கள் அதற்கு வெகுகாலம் முன்னர் பிறந்தவர்கள். அவர்களிடம் உள்ளவை பள்ளி மாற்றுச் சான்றிதழும், பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழும், ஆதார் அட்டையுமே. ஆதார் பதிவின்போது வருஷத்தை மட்டும் சொன்னவர்களுக்கு ஜனவரி 1ந் தேதி என்று எழுதப்பட்டிருப்பதை நம்மிற் பலரும் கண்டிருக்கிறோம். ஒரு குடும்பத்தில் தாய், தகப்பன், மூன்று பிள்ளைகள் ஆக ஐவரும் ஜனவரி 1ந் தேதியே பிறந்திருக்கும் அதிசயம் நம் மலையில்தான் உண்டு!

ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். வெள்ளிமலைக்கு அடுத்த சிற்றூரில் ஒரு வாலிபனுக்குப் பள்ளிச் சான்றிதழில் பிறந்த தேதி 12-6-2007, ஆதாரில் 1-1-2008. அவன் சேர விரும்பும் தொழிலுக்கு 2025ஆம் வருஷம் ஜூலை மாதம் 1ந் தேதியில் 18 வயது நிரம்பியிருக்க வேண்டும் என்பது நிபந்தனை. பள்ளிச் சான்றின்படி அவனுக்கு 18 நிரம்பிவிட்டது. ஆதாரின்படி நிரம்ப இன்னும் ஆறு மாதம் இருக்கிறது. கணினியில் ஆதாரைப் பார்த்துக்கொண்டிருக்கும் குமாஸ்தா அவனைத் தள்ளிவிடுவார். ஆனால் ஆதார் அட்டை ஆளை அடையாளங் காட்டுவதற்கேயன்றி, பிறந்த தேதிக்கு முடிந்த அத்தாட்சியன்று. இதனை ஆதார் ஆணையத்தாரே தெளிவுபடுத்தியிருக்கின்றனர். 2024ஆம் வருஷம் அக்டோபர் மாதத்தில் சுப்ரீம் கோர்ட்டாரும், விபத்து நஷ்டஈட்டு வழக்கொன்றில் ஆதாரை விடுத்துப் பள்ளிச் சான்றிதழையே ஏற்றனர். ஆகவே அவ்வாலிபன் செய்யத்தக்கது, பயிற்சி அறிவிப்பு வருவதற்கு முன்னமே பள்ளிச் சான்றிதழைக் காட்டி ஆதாரைத் திருத்திக்கொள்வதே. பிறந்த தேதியைப் பொதுவாக ஒரு முறையே திருத்த இடங்கொடுப்பார்கள். அந்த ஒரு முறையையும் அவசரத்தில் தப்பாகச் செலவிட்டுவிடலாகாது. எழுத்து வித்தியாசத்துக்கும் இதே கவனம் வேண்டும். பள்ளியில் கோவிந்தன், ஆதாரில் கோவிந்தராஜ், குடும்ப அட்டையில் கோயிந்தன் என்றிருந்தால், மூவரும் ஒருவரே என்று ஊராருக்குத் தெரியும்; கணினிக்குத் தெரியாது.

சாதிச் சான்றிதழ் விஷயம் இதனிலும் சிக்கலானது. கல்வராயன் மலையின் பூர்வ குடிகளுக்குச் சர்க்கார் பட்டியலில் ‘மலையாளி’ என்று பெயர். மலையை ஆள்வோர் என்பது இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் பொருள். இவர்கள் பேசுவது தமிழ். காஞ்சியிலிருந்து முன்னோர் வந்ததாகப் பரம்பரைக் கதை கூறுவர். சமவெளியில் இவ்விவரம் அறியாதோர், மலையாளி என்றவுடன் கேரளத்தார் என்று எண்ணிவிடுகின்றனர். மேலும் மலையார் தம் பெயருக்குப் பின் கவுண்டர் என்று எழுதிக்கொள்வதால், மேற்கு ஜில்லாக்களில் அதே பட்டமுடைய வேறு சமூகத்தாரோடு சேர்த்து எண்ணப்படுவதும் உண்டு. பட்டம் வேறு, சமூகம் வேறு. மனுவில் சமூகம் என்ற இடத்தில் ‘இந்து மலையாளி’ என்று எழுத வேண்டுமேயன்றி, ‘கவுண்டர்’ என்று எழுதினால் தொல்லை அங்கேயே தொடங்கிவிடும்.

மற்றொன்றையும் அங்கத்தினர்கள் நன்கு மனத்திற் கொள்ள வேண்டும். பழங்குடிப் பட்டியலில் மலையாளிகள் எங்குமுள்ளவர்கள் என்று பொதுவாகக் கூறப்படவில்லை. தர்மபுரி, வடஆர்க்காடு, புதுக்கோட்டை, சேலம், தென்னார்க்காடு, திருச்சிராப்பள்ளி என்று ஜில்லாக்களின் பெயரைச் சொல்லியே அவர்கள் சேர்க்கப்பட்டனர். இதனால் ஈரோடு ஜில்லாப் பர்கூர் மலையிலுள்ள அதே குலத்தார் நெடுங்காலம் இவ்வுரிமை இன்றித் தவித்தனர். நம் மலை தென்னார்க்காட்டைச் சார்ந்தது. ஆகவே நமக்கு அக்குறையில்லை. ஆனால் தென்னார்க்காடு ஜில்லா 1993ஆம் வருஷம் செப்டம்பர் மாதம் 30ந் தேதி பிரிக்கப்பட்டு விழுப்புரம் ஜில்லா உண்டாயிற்று. விழுப்புரத்திலிருந்து 2019ஆம் வருஷம் நவம்பர் மாதம் 26ந் தேதி கள்ளக்குறிச்சி தனி ஜில்லாவாயிற்று. இதன் பலனாக, ஒரே வீட்டில் தகப்பனார் சான்றிதழில் தென்னார்க்காடு, மூத்த மகன் சான்றிதழில் விழுப்புரம், இளையவன் சான்றிதழில் கள்ளக்குறிச்சி என்று மூன்று ஜில்லாக்கள் இருக்கும். வீடு ஓர் அடி கூட நகரவில்லை. ஜில்லாவின் பெயர்தான் மாறிற்று. சென்னையிலோ கோயம்புத்தூரிலோ உள்ள பயிற்சி நிலையத்தார் இதனை முரண்பாடு என்று எண்ணுதல் சகஜம். பிரிவினைத் தேதிகள் இரண்டையும் ஒரு காகிதத்தில் எழுதி மனுவோடு வைத்தால் சந்தேகம் தீரும்.

சான்றிதழைக் கொடுத்த அதிகாரி யார் என்பதையும் பார்க்க வேண்டும். 1989ஆம் வருஷம் நவம்பர் மாதம் 11ந் தேதி முதல் பழங்குடியினருக்குச் சான்றிதழ் வழங்கும் அதிகாரம் தாசில்தாரிடமிருந்து ரெவினியூ டிவிஷனல் ஆபீசருக்கு மாற்றப்பட்டது. அதற்கு முன்னர் தாசில்தார் கொடுத்தது தகப்பனாரிடம் இருந்தால், அதை ‘செல்லாக் காகிதம்’ என்று எறிந்துவிடாமற் காப்பாற்ற வேண்டும். மகனுக்குச் சான்றிதழ் கேட்கும்போது அதுவே முதல் ஆதாரம். கருமந்துறைப் பக்கத்திலிருந்து மணம் முடித்து வந்த பெண்ணுக்குச் சமூகம் அவள் தகப்பனார் வழியாக நிச்சயிக்கப்படுமேயொழியக் கணவன் வழியாக அன்று. அவளுக்குச் சேலம் ஜில்லாவிலுள்ள பிறந்தகத்துக் காகிதங்கள் வேண்டும்.

பொய்ச் சான்றிதழைப் பற்றியும் ஒரு வார்த்தை. சுப்ரீம் கோர்ட்டார் 1994ஆம் வருஷம் மாதுரி பாட்டீல் வழக்கில், சாதிச் சான்றிதழ்களை ஆராயக் கமிட்டிகள் அமைத்து, சொந்த ஊருக்கே சென்று விசாரிக்க வேண்டுமென்று விதித்தனர். பொய்யென்று தீர்ந்தால் பெற்ற வேலையும் படிப்பும் நிலைக்கமாட்டா என்று 2017ஆம் வருஷத்தில் உறுதியாகக் கூறினர். அதே சமயத்தில், பழக்க வழக்கங்களைப் பற்றிய கேள்விகளுக்கு விடை சொல்லத் தெரியவில்லை என்ற ஒரே காரணத்தால் உண்மையான பழங்குடியினரைத் தள்ளிவிடலாகாது என்று 2023ஆம் வருஷத்தில் விளக்கினர். விடுதியில் தங்கிப் படித்த பையனுக்குக் குலதெய்வத்தின் சடங்குகள் முழுவதும் தெரியாதிருத்தல் குற்றமன்று. காகிதங்களில், அரசியலமைப்பு வருவதற்கு முந்திய பழைய பதிவுகளுக்கே மதிப்பு அதிகம் என்பதும் அக்கோர்ட்டாரின் தீர்ப்பு.

இங்கேதான் நமது சங்கத்தின் பீரோவுக்கு வேலை வருகிறது. கல்வராயன் மலை 1976ஆம் வருஷம் வரையில் ஜாகீர்தார்கள் ஆதிக்கத்தில் இருந்தமையால், சமவெளியாரிடம் உள்ளவை போன்ற பழைய பட்டாவும் அடங்கலும் மலையாரிடம் இல்லை. ஆகவே பள்ளிச் சேர்க்கை ரிஜிஸ்தரும், சங்க அங்கத்தினர் ரிஜிஸ்தரும், கடன் பத்திரங்களும் அங்கே விசேஷ மதிப்புள்ளவை. பாட்டனார் எந்த வருஷம் அங்கத்தினரானார், எந்த ஊரார், அவர் தகப்பனார் பெயர் என்ன என்று அவற்றில் எழுதியிருக்கிறது. மலைவாழ் மக்களுக்கான பெரும்பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்களின் காரியதரிசிகள் பழைய ரிஜிஸ்தர்களைக் கரையானுக்கு விடாமல், கேட்கும் வாரிசுக்கு உண்மை நகல் கொடுத்து உதவ வேண்டும்.

ஜெர்மனி தேசத்தில் ரெய்பெய்சன் என்பவர் தொடங்கிய கிராமச் சங்கங்களுக்கு, அண்டை வீட்டான் அண்டை வீட்டானை அறிவான் என்பதே மூலதனமாயிருந்தது. சர் பிரடரிக் நிக்கல்சன் 1895ஆம் வருஷத்து அறிக்கையில் அம்முறையையே சென்னை மாகாணத்துக்குச் சிபாரிசு செய்தார்; 1904ஆம் வருஷத்துச் சட்டமும் வந்தது. கடன் கேட்பவனுடைய நிலைமையை நேரில் அறிந்து சொல்லும் அப்பழக்கம் பயிற்சி விஷயத்திலும் உதவும். ஆனால் ஓர் எச்சரிக்கை. அண்டை வீட்டானுக்கு அறிவு மட்டுமா உண்டு? பகையும் உண்டு. சங்கத் தேர்தலில் எதிர்க்கட்சியில் நின்றவன் மகன் என்பதற்காகக் கையெழுத்து மறுக்கும் பஞ்சாயத்தாரை நான் அறிவேன். எனவே சங்கம் தீர்ப்புக் கூறும் இடமாகலாகாது. தன் ரிஜிஸ்தரில் உள்ளதை உள்ளபடி எழுதிக் கொடுப்பதோடு அதன் வேலை முடிந்தது. ‘இவன் தகுதியுள்ளவன்’, ‘இவன் தகுதியற்றவன்’ என்று எழுத அதற்கு அதிகாரமில்லை.

தகுதியில்லை என்று பயிற்சி நிலையத்தாரோ ஆபீசாரோ சொன்னால், அதனை எழுத்து மூலமாகக் காரணத்துடன் கேட்க வேண்டும். கொடாவிட்டால் 2005ஆம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய்க் கட்டணத்துடன் மனுச் செய்தால் 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். வறுமைக் கோட்டுக்குக் கீழ்ப்பட்டவருக்கு அக்கட்டணமும் இல்லை.

பயிற்சி, தங்குமிடம், சாப்பாடு, உடுப்பு இவற்றுக்கு மேற்படி திட்டத்தில் வாலிபரிடம் ஒரு காசும் வாங்கும் விதி இல்லை. கச்சிராயபாளையத்திலோ சின்னசேலத்திலோ பஸ் ஸ்டாண்டில் நின்று, “முன்பணம் கொடுத்தால் இடம் வாங்கித் தருகிறேன்” என்பவன் தரகன். அசல் சான்றிதழ்களைப் பரிசோதிக்கக் காட்டலாம். ஒப்படைக்க வேண்டிவந்தால் எந்தெந்தக் காகிதம், எந்தத் தேதி என்று குறித்த ரசீதை வாங்கிக்கொண்டே கொடுக்க வேண்டும். நகல் ஒரு கட்டு சங்க ஆபீசில் பையன் பெயரெழுதிய உறையில் இருக்கட்டும். அதற்குச் சங்கம் கட்டணம் வாங்க வேண்டாம்.