காலையில் மட்டும் வரும் வயிற்றுவலி

இந்த மாதப் பாடம் பள்ளிக்கூடம் போகும் நம் பிள்ளைகளின் மனதைப் பற்றியது. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் வேலையைப் போட்டுவிட்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஓடுகிறோம். மனசு சரியில்லை என்றால் மட்டும், "எல்லாம் சோம்பேறித்தனம், ரெண்டு போட்டா சரியாகிடும்" என்று விட்டுவிடுகிறோம்.

பிள்ளைகள் "எனக்கு மனக்கஷ்டம்" என்று வந்து சொல்லமாட்டார்கள். உடம்புதான் முதலில் சொல்லும். திங்கட்கிழமை காலையில் வயிற்றுவலி, பஸ் போனதும் வலியும் போய்விடும். இதை நடிப்பு என்று நினைக்கக்கூடாது. பயம் வந்தால் வயிறு கலங்குவது பெரியவர்களுக்கும் உள்ளதுதானே? வங்கி மேனேஜரைப் பார்க்கப் போகும்போது நமக்கு எப்படி இருந்தது! முதலில் டாக்டரிடம் காட்டுங்கள். உடம்பில் ஒன்றும் இல்லை என்று அவர் சொன்னால், பள்ளியில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். தூக்கம் கெடுவது, சோறு இறங்காமல் போவது, எப்போதும் கூட விளையாடும் பிள்ளைகளை விட்டு ஒதுங்குவது, சும்மா சும்மா எரிந்து விழுவது, இவையும் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் கவனிக்க வேண்டியவை.

எட்டாம் வகுப்பு முடித்து ஒன்பதாவது போகும் பிள்ளைகளை இன்னும் கொஞ்சம் கூடுதலாகக் கவனியுங்கள். ஊரில் நடுநிலைப் பள்ளி எட்டாவதோடு முடிந்துவிடும். அதுவரை டீச்சருக்கு நம் வீடு தெரியும், நம்மையும் தெரியும். ஒன்பதாவதில் பஸ் ஏறி வேறு ஊர் போகவேண்டும். பாடத்துக்கு ஒரு ஆசிரியர், வகுப்பு நிறையப் புதுமுகம். அங்கே வாய்விட்டு வாசிக்கச் சொல்லும்போது திக்கினால் சிரிப்பார்கள். பட்டப்பெயர் வைப்பார்கள். சாதிப் பெயர் சொல்லிச் சீண்டுவதும் நடக்கிறது, அதை மூடி மறைப்பதில் பயனில்லை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பிளஸ் டூ மாணவன் ஒருவனை, கூடப் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதற்கு முன்பு சில நாட்கள் அந்தப் பையன் பள்ளிக்குப் போகாமல் இருந்திருக்கிறான். அதன் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024ல் அறிக்கை தந்தது. மாணவர்கள் கையில் சாதியைக் காட்டும் கலர் கயிறு கட்டக்கூடாது என்பது அதில் ஒரு பரிந்துரை. கயிறு கட்டி அனுப்புவதும் நம் வீடுகள்தான் என்பதை மறந்துவிட வேண்டாம்.

"ஏன் போகமாட்டேங்கிற?" என்று கேட்டால் பதில் வராது. அது கேள்வி இல்லை, அதட்டல். பாத்திரம் கழுவும்போதோ, மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போதோ பக்கத்தில் வைத்துக்கொண்டு, "இன்னைக்கு யார்கூட உட்கார்ந்து சாப்பிட்ட?" என்று கேட்டுப் பாருங்கள். தனியாகச் சாப்பிட்டேன் என்றால் அதிலேயே பாதி விஷயம் இருக்கிறது. சொல்ல ஆரம்பித்தால் குறுக்கே பேசாதீர்கள். "நீ என்ன பண்ணின?" என்று உடனே கேட்டால் வாய் மூடிவிடும். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் மார்க்கையும் அந்த நேரத்தில் இழுக்காதீர்கள்.

வீட்டுக் கடன் பேச்சும் பிள்ளைகள் காதில் விழுகிறது. தவணை கட்ட முடியவில்லை என்று நாம் புலம்பும்போது, "நான் படிக்கிறதாலதான் அம்மாவுக்குக் கஷ்டம்" என்று அது எடுத்துக்கொள்கிறது. கஷ்டத்தை மறைக்கச் சொல்லவில்லை. "இது பெரியவங்க பாத்துக்கிற விஷயம், உன்னால வந்ததில்ல" என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லுங்கள்.

அடிப்பதும் மனதைப் புண்படுத்துவதும் பள்ளியில் கூடாது என்று 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 17வது பிரிவு சொல்கிறது. அதே சட்டப்படி அமைந்த பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் இருக்கவேண்டும். தமிழ்நாட்டில் சுய உதவிக் குழு உறுப்பினருக்கும் அதில் இடம் உண்டு. உங்கள் ஊர்ப் பள்ளியில் அந்த இடத்தில் யார் இருக்கிறார் என்று கேளுங்கள். பெயர் மட்டும் இருந்து ஆள் போகாமல் இருந்தால் பயனில்லை. கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லாததும் வயசுக்கு வந்த பிள்ளைக்கு மனக்கஷ்டம்தான், அதையும் அங்கே பேசலாம்.

தேர்வு முடிவு வரும் நாளில் பிள்ளையைத் தனியாக விடாதீர்கள். 2017 முதல் தமிழ்நாட்டில் முதலிடம், இரண்டாமிடம் என்று பட்டியல் வெளியிடுவதில்லை, நாம் ஏன் தெருவில் போட வேண்டும்? தோற்றாலும் சில வாரங்களில் துணைத்தேர்வு எழுதலாம். முடிவு வருவதற்கு முன்பே இதைச் சொல்லி வையுங்கள். வயலுக்கு வாங்கிய பூச்சிமருந்தை எப்போதும் பூட்டி வையுங்கள், சாவி உங்களிடம் இருக்கட்டும். "செத்துப்போகலாம்னு இருக்கு" என்று பிள்ளை சொன்னால் விளையாட்டாக எடுக்காதீர்கள். "அப்படித் தோணுதா?" என்று நேராகவே கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. கூடவே இருங்கள், அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள்.

மனநல ஆலோசனைக்கு 14416 (டெலி மானஸ், 2022ல் தொடங்கியது, இரவு பகல் எப்போதும் தமிழில் பேசலாம்), பள்ளிக்கல்வி உதவிக்கு 14417, குழந்தைகளுக்கு ஆபத்து என்றால் 1098. மூன்றும் இலவசம். அடுத்த கூட்டத்தில் எழுதத் தெரிந்தவர்கள் மற்றவர்களின் பாஸ்புக் அட்டை உள்பக்கத்தில் இந்த எண்களை எழுதிக் கொடுங்கள். வீட்டுக்குப் போனதும் பிள்ளையின் நோட்டிலும் எழுதச் சொல்லுங்கள்.