நஞ்சும் நான்கு நிறமும்

சேலம், நாமக்கல் மாவட்டங்களின் சமவெளி உழவர்தம் உழைப்பால் உயர்ந்த நிலமாகும். ஒருபுறம் சேர்வராயன் மலையும் மற்றொருபுறம் கொல்லிமலையும் காவல் நிற்க, மேட்டூர் அணையினின்று புறப்படும் காவிரி மேற்கெல்லையில் வளைந்து செல்கிறது. ஆற்றங்கரையில், பரமத்தி வேலூரை அடுத்த ஊர்களில், வெற்றிலைக் கொடிக்கால்களும் வாழைத் தோட்டங்களும் கரும்பு வயல்களும் செழித்துள்ளன. கரையை விட்டு விலகிய மேட்டுக் காடுகளில் பருத்தியும் நிலக்கடலையும் மஞ்சளும் மரவள்ளியும் விளைகின்றன. மரவள்ளிக் கிழங்கு ஆலைகளுக்குச் சென்று, வெண்முத்துப் போன்ற சவ்வரிசியாகி நாடெங்கும் பரவுகிறது.

பயிர் செழிக்கும் இடத்தைப் பூச்சியும் நாடி வருகிறது. பருத்திக் காயைப் புழு துளைக்கிறது. மரவள்ளியின் தளிரை மாவுப்பூச்சி சுருட்டுகிறது. கடன் வாங்கி விதைத்த உழவர், கண்ணெதிரே பயிர் வாடுவதைக் கண்டு வாளாவிருப்பாரோ? கடைக்கு விரைந்து சென்று, பூச்சியைக் கொல்லும் நீர்மத்தை வாங்கி வருகிறார். அதனை அவர் எப்பெயரால் வழங்குகிறார்? ‘மருந்து’ என்றே வழங்குகிறார். ‘நாளைக்குக் காட்டுக்கு மருந்து அடிக்க வேண்டும்’ என்பது அப்பகுதியில் நாள்தோறும் கேட்கப்படும் பேச்சு.

மருந்து என்பது நோய் நீக்கும் பொருளுக்கு உரிய இனிய பெயர். அப்பெயரைச் சூட்டியவுடனே அச்சம் அகன்றுவிடுகிறது. மருந்துதானே என்று வீட்டுக்குள் வைக்கின்றனர், வெறுங்கையால் கலக்குகின்றனர். ஆயினும், அக்குப்பியின் மேல் ஒட்டப்பட்ட சீட்டு மருந்து என்று கூறுவதில்லை. அதில் முனையின் மீது நிறுத்திய சதுரம் ஒன்று அச்சிடப்பட்டிருக்கிறது. அச்சதுரம் குறுக்கே இரண்டு முக்கோணங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. மேல் முக்கோணத்தில் ஓர் எச்சரிக்கைச் சொல்லும், கீழ் முக்கோணத்தில் ஒரு நிறமும் உள்ளன. இச்சிறு உருவம் உரைக்கும் செய்தி யாது? இதனை அங்கே பொறித்தவர் யாவர்?

இவ்வினாவுக்கு விடை காண, மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அப்பாலுள்ள கேரளத்தில் நிகழ்ந்த ஒரு துயரத்தை அறிதல் வேண்டும். 1958-ஆம் ஆண்டு ஏப்ரல், மே மாதங்களில் அங்கே உணவு உண்ட மக்கள் திடீரென மயங்கி வீழ்ந்தனர். நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிர் இழந்தனர். அவர்கள் உண்ட உணவு கோதுமை மாவு முதலியவற்றால் ஆக்கியதே. ஆனால், அவ்வுணவுப் பொருள்களோடு பாரத்தியான் என்னும் பூச்சிக்கொல்லியும் ஒரே கப்பலில் ஏற்றி வரப்பட்டது. வழியில் அது கசிந்து உணவிற் கலந்துவிட்டது. நஞ்சையும் உணவையும் பிரித்து வைக்கும் விதி அக்காலத்தில் தக்கவாறு அமையவில்லை.

இந்நிகழ்ச்சியை ஆராய மத்திய அரசு நீதிபதி ஜே. சி. ஷா தலைமையில் விசாரணைக் குழு ஒன்றை அமைத்தது. அதன் பயனாகவும், பின்னர் நடந்த ஆய்வுகளின் பயனாகவும் 1968-ஆம் ஆண்டில் பூச்சிக்கொல்லிகள் சட்டம் பிறந்தது. அச்சட்டத்தின் கீழ் 1971-ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட விதிகளே சதுர அடையாளத்தைக் குப்பிகளின் மீது கட்டாயமாக்கின. ஆகவே, அந்த அடையாளம் வெறும் அணி அன்று; மாண்டவர்களின் பொருட்டு வாழ்பவர்களுக்குத் தரப்பட்ட எச்சரிக்கை.

ஒரு நஞ்சு கொடியதா, மென்மையானதா என்பதை எவ்வாறு அளப்பது? ‘அளவுக்கு மிஞ்சினால் அமிழ்தமும் நஞ்சு’ என்பது நம் நாட்டுப் பழமொழி. பொருளின் இயல்பு மட்டுமன்றி, அதன் அளவும் தீமையை வரையறுக்கிறது என்பதே அதன் கருத்து. இக்கருத்துக்கு எண்ணால் உருவம் தந்தவர் டிரெவன் என்னும் ஆங்கிலேய அறிஞர். ஒரே வகை விலங்குகளுக்கு ஒரே அளவு நஞ்சைக் கொடுத்தாலும் சில மாளும், சில பிழைக்கும். எனவே, ஆய்வுக்கு உட்பட்ட விலங்குகளிற் சரிபாதி மாள்வதற்கு எவ்வளவு நஞ்சு வேண்டும் என்று கணக்கிட்டால் நிலையான ஓர் அளவு கிடைக்கும் என்பதை அவர் 1927-ஆம் ஆண்டில் எடுத்துரைத்தார். அதனைப் ‘பாதி கொல்லும் அளவு’ என எளிய தமிழிற் கூறலாம். விலங்கின் எடையில் ஒரு கிலோகிராமுக்கு இத்தனை மில்லிகிராம் என்று அது குறிக்கப்படும்.

இங்கே மாணவர் ஒன்றை மனத்திற் கொள்ளவேண்டும். இவ்வெண் சிறுத்தால் நஞ்சின் கொடுமை பெருகும். எண் பெருத்தால் கொடுமை குறையும். சிறிதளவே கொல்லப் போதுமானது என்றால், அது கொடியது என்பதன்றோ பொருள்!

இவ்வளவைக் கொண்டே இந்திய விதிகள் பூச்சிக்கொல்லிகளை நான்கு வகுப்புகளாகப் பிரித்தன. வாய் வழியே உட்செல்லும்போது பாதி கொல்லும் அளவு 1 முதல் 50 மில்லிகிராம் வரை இருப்பின், அது மிகக் கொடிய நஞ்சு. அதன் நிறம் சிவப்பு. 51 முதல் 500 வரை இருப்பின் கொடிய நஞ்சு, நிறம் மஞ்சள். 501 முதல் 5000 வரை இருப்பின் நடுத்தர நஞ்சு, நிறம் நீலம். 5000-க்கு மேற்பட்டது மென்மையான நஞ்சு, நிறம் பச்சை. சிவப்பு வகுப்பின் மேல் முக்கோணத்தில் மண்டையோடும் குறுக்கெலும்புகளும் நஞ்சு என்னும் சொல்லும் இருக்கும். மஞ்சளுக்கு மண்டையோடு இல்லை. நஞ்சு என்னும் சொல் உண்டு. நீலத்துக்கு அபாயம் என்னும் சொல்லும், பச்சைக்கு எச்சரிக்கை என்னும் சொல்லும் உரியவை.

சான்றுகளால் இதனை மேலும் தெளியலாம். கேரளத்திற் பல உயிர்களைக் கவர்ந்த பாரத்தியானின் அளவு ஏறத்தாழ 13 மில்லிகிராம். அது சிவப்பு வகுப்பைச் சார்ந்தது. பின்னர் அது இந்தியாவில் தடை செய்யப்பட்டது. குளோர்பைரிபாசு என்பதன் அளவு ஏறத்தாழ 135, அது மஞ்சள். மாலத்தியானின் அளவு ஏறத்தாழ 2100, அது நீலம். பூசண நோயைத் தடுக்கும் மாங்கோசெப்பின் அளவு 8000-க்கும் மேல், அது பச்சை. உலகச் சுகாதார நிறுவனமும் 1975-ஆம் ஆண்டில் இத்தகைய வகைப்பாடு ஒன்றை உலகிற்கு அளித்தது. எல்லைகள் சிறிது வேறுபடினும் இரண்டின் நோக்கமும் ஒன்றே.

எழுத்தறியாத உழவரும் நிறத்தை அறிவார். பல மொழிகள் வழங்கும் நம் நாட்டில் நிறம் எல்லார்க்கும் பொதுவான மொழியாகும். அதனாலேயே விதிகளை வகுத்தோர் சொல்லோடு நிறத்தையும் சேர்த்தனர்.

நஞ்சு வாய் வழியே மட்டும் உடலிற் புகுவதன்று. தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் அது புகும். இதனை உணர்ந்தே, தோல் வழியே புகும் நஞ்சுக்கும் விதிகள் தனி அளவு குறித்தன. தோலின் வழியே 200 மில்லிகிராம் வரையிற் பாதி கொல்லும் பொருள் சிவப்பு வகுப்பாகும். ‘அதைக் குடிப்பார் யார்?’ என்று கருதிச் சிவப்புக் குப்பியைத் திறப்பவர், தம் தோலும் அதனைக் குடிக்கும் என்பதை மறக்கின்றார்.

பருத்திக் காட்டில் தெளிப்பானை முதுகிற் சுமந்து செல்லும் உழவரைக் கருதுக. வெயிலின் வெப்பத்தால் மேற்சட்டையைக் கழற்றி வைத்துவிட்டார். தெளிப்பானின் மூடியிலிருந்து கசியும் நீர் முதுகில் வழிகிறது. எதிர்க்காற்று துளிகளை முகத்தில் வீசுகிறது. சிறிது நேரத்தில் தலை சுற்றுகிறது, வாயில் எச்சில் ஊறுகிறது, வியர்வை பெருகுகிறது, கண்ணின் பாவை சுருங்கி, பார்வை மங்குகிறது. வெயில் தாக்கிற்று என எண்ணி அவர் மர நிழலில் அமர்கின்றார். உண்மையில் அவரைத் தாக்கியது வெயில் அன்று.

பாரத்தியான், குளோர்பைரிபாசு, மாலத்தியான் ஆகியவை பாசுபரசு சேர்ந்த ஒரே குடும்பத்துப் பொருள்கள். நரம்பிலிருந்து தசைக்கு ஆணை கொண்டு செல்லும் அசிட்டைல்கோலின் என்னும் பொருள் நம் உடலில் உண்டு. ஆணை நிறைவேறியதும் அதனை உடைத்து அகற்ற ஒரு நொதியும் உண்டு. இக்குடும்பத்து நஞ்சுகள் அந்நொதியைச் செயலற்றதாக்குகின்றன. ஆணை ஓயாது தொடர்வதால் தசைகள் துடித்துச் சோர்கின்றன. முடிவில் மூச்சும் தடைப்படுகிறது. பூச்சி மாள்வதும் இம்முறையாலேயே. மனிதன் வருந்துவதும் இம்முறையாலேயே. அத்தகையவரைக் காலந் தாழ்த்தாது மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். உடன் அக்குப்பியையோ சீட்டையோ எடுத்துச் செல்லுதல் இன்றியமையாதது. எந்த நஞ்சு என அறிந்தாலன்றோ மருத்துவர் அட்ரோப்பின் போன்ற உரிய மாற்று மருந்தை விரைந்து அளிக்க இயலும்!

நிறம் இத்தனை கூறினும், எல்லாவற்றையும் கூறுவதில்லை. உடனே விளையும் கேட்டை மட்டுமே அது அளக்கிறது. நாள்பட விளையும் கேட்டை அளப்பதில்லை. டி.டி.டி. என்னும் பொருளின் பூச்சி கொல்லும் ஆற்றலை 1939-ஆம் ஆண்டிற் கண்டறிந்த பால் முல்லர், 1948-ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றார். அப்பொருள் எளிதிற் சிதையாமல் மண்ணிலும் நீரிலும் தங்கி, உயிர்களின் கொழுப்பிற் சேர்ந்து, இரை தின்னும் பறவைகளின் முட்டை ஓட்டை மெலியச் செய்தது பின்னரே தெரியவந்தது. இந்தியா 1989-ஆம் ஆண்டில் உழவில் அதன் பயனைத் தடை செய்தது. காசர்கோட்டு முந்திரித் தோப்புகளில் வான்வழியே தெளிக்கப்பட்ட எண்டோசல்பானும் பல குடும்பங்களின் நெடுந்துயரோடு சேர்த்துப் பேசப்பட்டது. 2011-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. பச்சை நிறம் பெற்ற மாங்கோசெப்பும் ஐயத்துக்கு அப்பாற்பட்டதன்று. உடலின் சுரப்பிகளையும் கருவையும் அது தாக்கலாம் என்னும் காரணத்தால், ஐரோப்பிய ஒன்றியம் 2020-ஆம் ஆண்டு இறுதியில் அதன் அனுமதியைப் புதுப்பிக்க மறுத்தது. ஆகவே, பச்சை என்பது ‘தீங்கற்றது’ என்று பொருள்படாது. ‘விரைந்து கொல்லாதது’ என்றே பொருள்படும்.

மேலும், இந்த அளவு எலி போன்ற விலங்குகளைக் கொண்டு கண்டது. எலிக்கு மென்மையானது தேனீக்கும் மீனுக்கும் மென்மையாய் இருக்கும் என்பதற்கு உறுதி இல்லை. செயற்கைப் பைரித்திராய்டு வகைப் பூச்சிக்கொல்லிகள் மீன்களுக்கு மிகக் கொடியவை. தெளிப்பானை வாய்க்காலில் கழுவுபவர் ஏரியையும் ஆற்றையும் நினைத்தல் வேண்டும்.

நிறம் குப்பியை விட்டு நீங்கிவிட்டால் அதனாற் பயன் யாது? 2013-ஆம் ஆண்டு சூலைத் திங்களில் பீகார் மாநிலத்தின் சரண் மாவட்டத்துப் பள்ளி ஒன்றில் நண்பகல் உணவு உண்ட சிறார் 23 பேர் மாண்டனர். சமைத்த எண்ணெயில் மோனோகுரோட்டோபாசு என்னும் சிவப்பு வகுப்பு நஞ்சு கலந்திருந்தது ஆய்வில் வெளிப்பட்டது. கேரளத் துயரம் நிகழ்ந்து 55 ஆண்டுகள் கழிந்தும், உணவும் நஞ்சும் மீண்டும் ஒன்றையொன்று சந்தித்தன. நஞ்சை வேறு கலத்தில் ஊற்றி வைத்தலும், நஞ்சிருந்த கலத்திற் பிற பொருள்களை வைத்தலும் அத்தகைய சந்திப்புக்கு வழி வகுக்கும். வெறுங்குப்பியை நன்கு கழுவி, துளையிட்டு அல்லது நசுக்கி, மீண்டும் பயன்படாதவாறு அகற்றுதலே அறிவுடைமை.

நஞ்சின் தேவையையே குறைத்தல் இவை அனைத்தினும் சிறந்தது. இதற்குச் சேலம் மாவட்டமே நற்சான்று தந்துள்ளது. தென்னமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட மரவள்ளி மாவுப்பூச்சி 2020-ஆம் ஆண்டில் கேரளத்திற் காணப்பட்டு, விரைவிற் சேலம், நாமக்கல் பகுதி மரவள்ளிக் காடுகளிலும் பரவிற்று. அதே பூச்சி முன்னர் ஆப்பிரிக்காவை வருத்தியபோது, அதன் இயற்கைப் பகையான அனகிரசு லோபசி என்னும் சிறு குளவியைக் கொண்டு அதனை அடக்கினர். அப்பணிக்குத் தலைமை தாங்கிய ஆன்சு எர்ரன் 1995-ஆம் ஆண்டில் உலக உணவுப் பரிசு பெற்றார். அக்குளவியே ஆப்பிரிக்க நாடான பெனினிலிருந்து தருவிக்கப்பட்டு, 2022-ஆம் ஆண்டில் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரிலுள்ள மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் வெளியிடப்பட்டது. அது மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிடும். முட்டையிலிருந்து வரும் புழு மாவுப்பூச்சியையே உண்டு வளரும். அக்குளவிக்குச் சீட்டும் இல்லை, நிறமும் இல்லை, அதனால் உழவரின் தோலுக்கும் மூச்சுக்கும் ஊறும் இல்லை. ஆயினும், பூச்சிக்கொல்லியை அளவின்றித் தெளித்தால் அந்நண்பனும் மாண்டுபோகும்.

எல்லாப் பூச்சிகளுக்கும் இத்தகைய நண்பன் இன்னும் வாய்க்கவில்லை. அதுவரை உழவர் கையிற் குப்பி இருக்கவே செய்யும். சிவப்பும் மஞ்சளும் கொண்டவற்றை இயன்றவரை விலக்குதல், சீட்டிற் குறித்த அளவை மீறாதிருத்தல், கையுறையும் முகமூடியும் அணிதல், காற்றின் போக்கறிந்து தெளித்தல், தெளித்த பின் சோப்பினால் நன்கு குளித்தல், அறுவடைக்கு முன் குறித்த நாள்கள் காத்திருத்தல் ஆகியவை அவரையும் அவர் விளைவித்ததை உண்பவரையும் காக்கும்.

இப்பணியில் மாணவர்க்கும் பங்கு உண்டு. வீட்டிலோ தோட்டத்திலோ அக்குப்பி இருப்பின், அதனைத் தொடாமல் அதன் நிறத்தை நோக்குதல் வேண்டும். அந்நிறத்தின் பொருளைத் தந்தைக்கும் தாய்க்கும் எடுத்துரைத்தல் வேண்டும். ‘மருந்து’ என்னும் சொல் மறைத்ததை நிறம் வெளிப்படுத்துகிறது. நஞ்சை நஞ்சென்று அறிந்து கையாள்பவரே பயிரோடு தம் உயிரையும் காத்துக்கொள்வர்.