தேய்ந்த காசைத் தேய்க்காதே

அன்புள்ள முத்துக்குமாருக்கு,

சித்தப்பா எழுதுவது. மழைக்குப் பிறகு பரளச்சிக் கண்மாய்க்கரைப் புஞ்சையில் நீ பொறுக்கிய நாலு காசுகளின் படமும் வந்தது. “புளி போட்டு விளக்கட்டுமா?” என்று கேட்டிருக்கிறாய். கூடவே கூடாது. புளி, எலுமிச்சை, சாம்பல், செங்கல் பொடி எதுவும் அதன் பக்கம் போகக் கூடாது.

காரணம் இதுதான். செம்பு பல நூறு வருஷம் மண்ணுக்குள் கிடந்தால் அதன் மேற்புறம் உலோகமாக இருப்பதில்லை. காற்றும் ஈரமும் மண்ணின் உப்பும் சேர்ந்து அதைச் சிவப்பும் பச்சையும் கறுப்புமான படலமாக மாற்றிவிடுகின்றன. தேய்ந்த காசில் எழுத்தின் விளிம்பு பெரும்பாலும் அந்தப் படலத்தில்தான் மிஞ்சியிருக்கும். புளியின் அமிலம் முதலில் கரைப்பது அதைத்தான். காசு பளபளக்கும், படிக்க ஒன்றும் இருக்காது.

1980களின் நடுவில் நாணய ஆய்வாளர் இரா. கிருஷ்ணமூர்த்தி கையில் மதுரையில் கிடைத்த ஒரு சதுரச் செப்புக்காசு வந்தது. ஒரு பக்கம் குதிரை, அதற்கு மேலே தமிழ் பிராமியில் ‘பெருவழுதி’ என்று பாண்டிய மன்னன் பெயர், ஐந்தெழுத்து. சங்க காலப் பாண்டியர் தங்கள் பெயரில் காசு வெளியிட்டார்கள் என்பதற்கு அது நேரடிச் சான்றாகிவிட்டது. யாராவது அவசரப்பட்டு அதைப் புளியில் ஊறப்போட்டிருந்தால் நமக்கு ஒரு செப்புத்துண்டுதான் மிஞ்சியிருக்கும்.

ஆகவே கழுவுவதற்கு முன்னால் பார். ராத்திரி விளக்கை அணைத்துவிட்டுக் காசை மேசையில் வை. செல்போன் டார்ச்சை மேலிருந்து அடிக்காதே. மேசையை ஒட்டித் தாழ்வாகப் பிடித்துப் பக்கவாட்டில் அடி. காசைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பு. பகலில் வழவழப்பாகத் தெரிந்த இடத்தில் மேடும் பள்ளமும் நிழலோடு எழுந்து நிற்கும். ஒவ்வொரு திருப்பத்துக்கும் ஒரு படம் எடு. அப்புறம் நகைக்கடைத் தராசில் எடை, ஸ்கேல் வைத்து விட்டம். உருவம் தேய்ந்தாலும் எடையும் அளவும் ஓரளவு காட்டிக்கொடுத்துவிடும்.

உன் படத்தில் உள்ள முதல் காசை எடுத்துக்கொள். ஒரு பக்கம் குச்சி குச்சியாகக் கைகால் வைத்த மனிதன் நிற்கிறான். மறுபக்கம் ஒருவன் உட்கார்ந்திருக்கிறான். அவனுடைய மடக்கிய கைக்குக் கீழே டார்ச்சை அடித்துப் பார். நாகரி எழுத்தில் ‘ஸ்ரீராஜராஜ’ என்று இருந்தால் அது முதலாம் ராஜராஜ சோழன் காசு. எடை ஏறக்குறைய 4 கிராம் இருக்கும். பாண்டிய நாட்டில் சோழன் காசு எப்படி என்று கேட்பாய். அவன் இந்தச் சீமையை வென்று ராஜராஜப் பாண்டி மண்டலம் என்றே பேர் வைத்துவிட்டான். ஆனால் அவசரப்படாதே. இதே உருவத்தை வைத்து இலங்கையில் பராக்கிரமபாகுவும் லீலாவதி ராணியும் தங்கள் பெயரில் காசு போட்டார்கள். கைக்குக் கீழே உள்ள எழுத்துத்தான் முடிவு சொல்லும்.

இரண்டாவதில் தெரியும் இரண்டு கோடுகள் மீன்களாக இருக்கலாம். பிற்காலப் பாண்டியர் காசுகளில் இணைக்கயலும் நடுவே செண்டு என்ற வளைகோலும் வரும். சிலவற்றில் ‘சோணாடு கொண்டான்’, ‘எல்லாந்தலையானான்’ என்று தமிழிலேயே எழுதியிருக்கும். இரண்டெழுத்து மிஞ்சினாலும் போதும், பிடித்துவிடலாம். 1880களிலேயே திருமங்கலத்தில் இருந்த அமெரிக்க மிஷன் பாதிரியார் ஜே. இ. டிரேசி பாண்டியர் காசுகளைச் சேர்த்து, படித்து, கட்டுரை எழுதியிருக்கிறார்.

மூன்றாவது கனமானது. விட்டம் 3 சென்டிமீட்டரும் எடை 9 கிராமும் இருந்தால் கிழக்கிந்தியக் கம்பெனியின் இருபது காசு என்று வைத்துக்கொள். 1803 என்ற வருஷம் தெரிகிறதா பார். சென்னை மாகாணத்துக்காக இங்கிலாந்தில் பர்மிங்காம் சோஹோ ஆலையில் எந்திரத்தில் அடித்தது. அதனால்தான் வட்டம் பிசகாமல் இருக்கிறது.

நாலாவதில் ஒன்றுமே தெரியவில்லை. தேய்ந்துபோன உருவத்தை யாராலும் திரும்பக் கொண்டுவர முடியாது. காசை மீட்பது என்றால் அப்பிய மண்ணை எடுப்பது, மேற்கொண்டு அழியாமல் நிறுத்துவது, அவ்வளவுதான்.

மண்ணை எடுக்கும் முறை சொல்கிறேன். நம்மூர் போர்த் தண்ணீர் வேண்டாம். அதிலுள்ள உப்பே செம்புக்குப் பகை. பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் வாங்கி, கண்ணாடிக் கிண்ணத்தில் காசுகளைத் தனித்தனியாக ஊறவை. தினமும் தண்ணீரை மாற்று. மண் இளகியதும் மெல்லிய பிரஷ்ஷால் ஒற்றி எடு. எழுத்துக்கு இடையில் இருப்பதற்கு ஊசியோ பிளேடோ எடுக்காதே; உடைமுள் போதும், அது படலத்தைக் கீறாது. வராத மண்ணை விட்டுவிடு. நிழலில் நன்றாக உலர்த்தி, காகித உறையில் போட்டு வை. பிவிசி பிளாஸ்டிக் ஆல்பம் நாளாவட்டத்தில் அமிலம் கசிந்து செம்பைப் பச்சையாக்கும்.

கெட்டியான கரும்பச்சை நல்லது, அது காசுக்குக் காவல். தொட்டால் மாவாக உதிரும் வெளிர்பச்சைதான் ஆபத்து. செம்பும் குளோரைடு உப்பும் ஈரத்தில் சேர்ந்து உள்ளுக்குள் அரித்துக்கொண்டே போகும் நோய் அது. அந்தக் காசைப் பிரித்து வை. வீட்டு வைத்தியம் பார்க்காதே. எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் இதற்கென்றே வேதியியல் பாதுகாப்பு ஆய்வகம் இருக்கிறது.

கடைசியாகச் சட்டம். 1878ஆம் வருஷத்துப் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்து கிடந்து கிடைத்த பொருளின் மதிப்பு 10 ரூபாயைத் தாண்டினால் கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அப்பாவைக் கூட்டிக்கொண்டு திருச்சுழி தாசில்தார் அலுவலகத்துக்குப் போய் யோசனை கேள். மேலும் தோண்டிப் பார்க்கிறேன் என்று மண்வெட்டியைத் தூக்காதே.

ராஜராஜன் செப்புக்காசுகள் அபூர்வமல்ல, ஆயிரக்கணக்கில் கிடைத்திருக்கின்றன. எந்த ஊரில், எந்தப் புஞ்சையில், எதோடு சேர்ந்து கிடைத்தது என்ற விவரம்தான் அபூர்வம். ஆகவே இன்றைக்கே ஒரு நோட்டுப் போடு. ஒவ்வொரு காசுக்கும் நம்பர், கிடைத்த இடம், தேதி, எடை, விட்டம், பார்த்த எழுத்து எல்லாம் எழுது. அந்த நோட்டின் நகலை எனக்கு அனுப்பு. பளபளக்கும் காசின் படம் மட்டும் வேண்டாம்.

இப்படிக்கு,
உன் சித்தப்பா