சுவரில் ஒரு பென்சில் கோடு

அன்புள்ள மருமகன் செல்வத்துக்கு,

கண்குழியில் தகடு வைத்து ஆறு நாளாகியும் எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிகிறது, கண் போய்விட்டது என்று நீ அழுவதாக அக்கா போனில் சொன்னாள்.

ஒன்று செய். வலது கண்ணைப் பொத்திக்கொண்டு எதிரே உள்ள காலண்டரைப் பார். பிறகு இடது கண்ணைப் பொத்து. இரண்டு தடவையும் காலண்டர் ஒன்றாக, தெளிவாகத் தெரிந்தால் பார்வை எங்கும் போகவில்லை. கண்கள் சேர்ந்து ஒரே இடத்தைப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். கிரிக்கெட் ஆடும்போது கார்க் பால் உடைத்தது கண்குழியின் தரையை. முட்டை ஓடு மாதிரி மெல்லிய எலும்பு அது. கண்ணை அசைக்கும் தசை அந்த உடைப்பில் சிக்கியிருந்ததை விடுவித்துவிட்டார்கள். வீக்கம் வடிய வாரங்கள் ஆகும். தசை பழையபடி இழுக்க மாதங்கள்கூட ஆகலாம். கன்னமும் மேலுதடும் மரத்திருப்பதும் அப்படித்தான்.

நானும் பட்டவன். மூன்றாம் வாரமே மொபெட்டை எடுத்து, எதிரே வந்த இரண்டு மாட்டுவண்டியில் எது நிஜம் என்று தெரியாமல் வாய்க்காலில் இறங்கினேன். டாக்டர் சொல்லும்வரை வண்டியைத் தொடாதே. மூக்கையும் சிந்தாதே, கீழே உள்ள காற்றறையிலிருந்து காற்று உடைப்பு வழியாக ஏறிக் கண் புடைத்துக்கொள்ளும். பார்வை மங்கினாலோ, சிவப்பு நிறம் வெளிறித் தெரிந்தாலோ, கண்ணை உள்ளிருந்து தள்ளுவதுபோல் வலித்தாலோ, நடுராத்திரி ஆனாலும் ஆஸ்பத்திரிக்கு ஓடு. விடியட்டும் என்று மட்டும் இருந்துவிடாதே.

கிரிக்கெட் வீரர் பட்டோடியைப் பற்றி உன் தாத்தா சொல்லுவார். 1961 ஜூலையில் இங்கிலாந்தில் கார் விபத்து. கண்ணாடிச் சில்லு வலது கண்ணில் ஏறியது. அந்தப் பார்வை பழையபடி திரும்பவே இல்லை. உன் கதை வேறு. ஆனாலும் 1962 ஜனவரியில் நம் சென்னையில் அவர் 103 ரன் அடித்ததைவிட, அதற்கு முன் அவர் பட்ட பாடுதான் எனக்குப் பிடிக்கும். தம்ளரில் ஊற்றும் தண்ணீர் மேசையில் கொட்டுமாம். சிகரெட் நுனிக்கும் நெருப்புக்கும் கால் அங்குலம் தள்ளிப்போகுமாம். ஒரு கண்ணைக் கட்டிக்கொள்ளும்போதெல்லாம் உனக்கும் தண்ணீர் கொட்டும். செம்பின் வாயைத் தம்ளர் விளிம்பில் முட்டவைத்து ஊற்று.

அப்புறம், மணிக்கொரு தரம் சோதித்துப் பார்ப்பதை நிறுத்து. ஞாயிற்றுக்கிழமை மட்டும், ஒரே நாற்காலியில் உட்கார்ந்து, தலையை அசைக்காமல் சுவரைக் கீழிருந்து மேலே பார்த்துக்கொண்டே போ. எந்த இடத்தில் ஒன்று இரண்டாகிறதோ, அங்கே அக்காவைப் பென்சிலால் கோடு போடச் சொல். சுவர் பாழாகிறதென்று அவள் திட்டினால் நான் சொன்னேன் என்று சொல். பொங்கலுக்கு வந்து எண்ணிப் பார்க்கிறேன்.

இப்படிக்கு,
மாமா