சுட்டுப்பொருளின்றி உயிரிமூலக்கூறுகளைக் கண்டறிதல்: சிலிக்கான் வளைய உணரியின் உணர்திறனும் தேர்திறனும்

ஆய்வுச் சுருக்கம்

ஒருங்கிணைந்த ஒளியியல் சில்லுகள் சாயமோ நொதியோ சேர்க்காமலேயே உயிரிமூலக்கூறுகளைக் கண்டறிய உதவுகின்றன. இம்முறையில் உணர்திறன் ஒளியாலும் தேர்திறன் மேற்பரப்பு வேதியியலாலும் அமைகின்றன என்பதைச் சிலிக்கான் வளைய உணரியின்வழி இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: ஒளியியல் சில்லு, அலைநடத்தி, ஒத்ததிர்வு, சுட்டுப்பொருள், தேர்திறன்

முன்னுரை

குருதியிலுள்ள புரதங்களை அறியப் பெரிதும் பயன்படும் எலைசா முறையை 1971ஆம் ஆண்டு சுவீடனைச் சேர்ந்த எங்வால், பெர்ல்மன் ஆகியோர் வெளியிட்டனர். இதில் எதிர்ப்பொருளோடு இணைக்கப்பட்ட நொதி, நிறமாற்றத்தின்வழிப் புரதத்தின் இருப்பைச் சுட்டுகிறது. இவ்வாறு சேர்க்கப்படும் நொதி, ஒளிர்சாயம் முதலியவற்றைச் சுட்டுப்பொருள் எனலாம். சுட்டுப்பொருளைச் சேர்த்தல், கழுவுதல், காத்திருத்தல் ஆகிய படிநிலைகள் காலத்தை நீட்டிக்கின்றன. பிணைப்பு நிகழும் வேகத்தை உடனுக்குடன் காணவும் இடந்தருவதில்லை. இக்குறைகளைக் களையும் முயற்சியுள் ஒன்றே வளைய உணரியாகும்.

உணரி செயல்படும் முறை

1550 நானோமீட்டர் அலைநீளத்தில் சிலிக்கானின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 3.48, அதன் அடியிலுள்ள சிலிக்கான் டை ஆக்சைடின் எண் 1.44. இவ்வேறுபாட்டின் காரணமாக, 220 நானோமீட்டர் தடிமனும் ஏறத்தாழ 500 நானோமீட்டர் அகலமும் உடைய சிலிக்கான் இழையில் ஒளி சிதறாமல் செல்கிறது. இவ்விழை அலைநடத்தி எனப்படும். இதனை வளையமாக அமைக்கும்போது, ஒரு சுற்றில் முழு எண்ணிக்கையில் அடங்கும் அலைகளே வலுப்பெறுகின்றன. இதுவே ஒத்ததிர்வு.

ஒளி முழுவதும் இழைக்குள் அடங்குவதில்லை. அதன் ஒரு பகுதி புறத்தே பரவி, ஏறத்தாழ நூறு நானோமீட்டர் தொலைவிற்குள் தேய்ந்து மறைகிறது. அவ்வெல்லைக்குள் நீர் இருந்த இடத்தில் புரதம் படிந்தால் ஒளிவிலகல் எண் உயர்கிறது. ஒத்ததிர்வு அலைநீளமும் கூடுகிறது. இந்நகர்வே அளவீடாகும்.

பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஆய்வாளர்கள் 2007ஆம் ஆண்டு 5 மைக்ரோமீட்டர் ஆரமுள்ள வளையத்தின் மீது பயோட்டினைப் பிணைத்து, ஒரு மில்லிலிட்டருக்கு 10 நானோகிராம் அளவிலான அவிடின் புரதத்தை இம்முறையில் கண்டறிந்தனர்.

தேர்திறன் சிக்கல்

பயோட்டினும் அவிடினும் மிக வலுவாகப் பிணைவன. நோயறிதலுக்குரிய மாதிரி அத்தகையதன்று. மனிதச் சீரத்தின் ஒரு மில்லிலிட்டரில் 60 முதல் 80 மில்லிகிராம் வரை புரதம் உள்ளது. எனவே 10 நானோகிராம் அளவுள்ள ஒரு புரதத்தைத் தேடும்போது, அதனைப்போல் பல இலட்சம் மடங்கு பிற புரதங்களும் உடன் நிற்கின்றன. அவற்றுள் மிகச் சிறு பகுதி பரப்பில் ஒட்டினாலும் ஒத்ததிர்வு நகரும். வெப்பநிலை மாறினாலும் நகரும். ஒளி இவற்றை வேறுபடுத்தி அறிவதில்லை.

இதனைத் தீர்க்க, எதிர்ப்பொருள் பிணைக்கப்படாத மற்றொரு வளையம் அதே சில்லில் ஒப்பீட்டுக்காக அமைக்கப்படுகிறது. இரண்டிற்கும் பொதுவான நகர்வைக் கழித்தால், வெப்பநிலையால் நேரும் பிழை பெரிதும் நீங்கும். ஆயினும் இரு பரப்புகளும் வேதியியல் தன்மையில் ஒன்றல்ல ஆதலால், பிற புரதங்கள் ஒட்டுவதால் வரும் பிழை முற்றும் நீங்குவதில்லை. புரதம் ஒட்டாத பாலிஎத்திலீன் கிளைக்கால் போன்ற பூச்சுகள் இதற்கெனவே பயன்படுத்தப்படுகின்றன.

இருவகை எதிர்ப்பொருள்களைக் கொண்ட எலைசா முறையில், ஒன்று புரதத்தைப் பற்றுகிறது. நொதி ஏந்திய மற்றொன்று அதனை உறுதி செய்கிறது. சுட்டுப்பொருளை நீக்கும்போது இவ்விரண்டாம் சான்றும் நீங்குகிறது. இதனாலேயே சில ஆய்வுகளில் இரண்டாம் எதிர்ப்பொருள் வளையத்தின் மீது பின்னர் செலுத்தப்படுகிறது.

முடிவுரை

சுட்டுப்பொருளின்மை என்பது இனங்காணும் தேவையின்மை ஆகாது. அப்பொறுப்பு சுட்டுப்பொருளிடமிருந்து பரப்பிற்கு இடம் மாறுகிறது. ஆகவே இவ்வகை உணரியை மதிப்பிடுவோர், கண்டறியப்பட்ட மிகக்குறைந்த அளவை மட்டும் நோக்காது, அது தூய கரைசலில் பெறப்பட்டதா, சீரத்தில் பெறப்பட்டதா என்பதையும் நோக்குதல் வேண்டும். நோயாளிக்கு உரைக்கப்படும் முடிவின் நம்பகம் இவ்வேறுபாட்டைச் சார்ந்தே அமைகிறது.